பாதியில் நின்ற வரிசை

இன்று காலை உன் வளவுக்குப் போனேன். இரவெல்லாம் பெய்த மழை விடிகிற நேரத்தில்தான் ஓய்ந்திருந்தது. வாதுமை மரத்தின் கீழே மண்ணே தெரியவில்லை, அவ்வளவு இலை. சமையலறைக் கதவோரம் நீ சாத்தி வைத்துவிட்டுப் போன, மண்ணின் ஈரம் பார்க்கிற சைக்கிள் கம்பி அப்படியே நின்றது. அதை எடுத்துப் பயிற்றைப் பாத்தியில் குத்தினேன். நுனியிலிருந்து நாலு விரல் உயரத்தில், உன் மனைவியின் நகப்பூச்சால் நீ போட்ட சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை. கம்பி கோடு வரைக்கும் தடையில்லாமல் இறங்கியது. வெளியே இழுத்தேன். ஈர மண் வாசம் மூக்கில் ஏறியது. கூடவே உன் குரலும் வந்துவிட்டது.

"இப்ப போடு மச்சான். இப்பதான் மண் சரியெண்டு சொல்லுது."

விதையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாத்தியோரம் குந்தி இருந்தேன். நீ போன தை மாதத்திலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உனக்குத் தெரியும். நல்லது சொல்வதென்றால் நாளைக்கு, கெட்டது சொல்வதென்றால் இப்போதே. என் நாக்கின் வழக்கம் அது. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

நம் ஊருக்கு ஏது இலையுதிர் காலம் என்று முதலில் சிரித்தவன் நான். கனடாவில் இருக்கும் உன் மகள் ஒரு புரட்டாசியில் படம் அனுப்பியிருந்தாள். தெருவெல்லாம் செக்கச் சிவந்த மரங்கள். அதை நீ வேலிக்கு மேலால் நீட்டிக் காட்டினாய். "நாங்க மட்டும் என்ன குறைச்சல்? என்ட வாதுமையும் சிவக்குதுதானே" என்றாய். உண்மைதான். கச்சான் காற்று அடித்து அடித்து ஊரையே வறுத்து எடுத்துவிட்டு ஓய்கிற நேரத்தில் உன் வாதுமை சிவக்கும். அந்தக் காற்று நின்று வாடை தொடங்கும் வரைக்குமான நாட்கள் இருக்கின்றனவே, காலையில் வெயிலும் பின்னேரத்தில் இடியும், வாவிக்கு மேலே தும்பிகள் தாழப் பறப்பதும், அதற்கு நீ "நம்மட ஓட்டம்" என்று பெயர் வைத்தாய். மகள் அங்கே இலையுதிர் காலத்துக்கு இங்கிலீசில் சொல்லும் பெயர்களில் ஒன்றான 'ஆட்டம்' உன் காதில் அப்படித்தான் விழுந்ததாம். அது பிழை என்று நானும் திருத்தவில்லை. வருடத்தில் அந்த ஆறேழு கிழமையும் நமக்கு மூன்று வேலை. காலையில் தோட்டம். பின்னேரம் நடை. நடையின் முடிவில், பழைய இரும்புப் பாலத்தில், உன் பின்னல்.

பின்னலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் அதன் கதை முழுவதும் தெரிந்தவன். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது.

நாற்பது வருடம் சைக்கிள் திருத்திய கை உன்னுடையது. கோணிப்போன சில்லைச் சுழல விட்டு, கண்ணை ஒரு பக்கம் மூடிப் பார்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி நேராக்குவாய். உன் மனைவிக்கு வாதம் வந்து விரல்கள் மடங்க மறுத்தபோது, பேரப்பிள்ளைக்கென்று அவ பின்னத் தொடங்கிய சின்னச் சட்டை பாதியில் நின்றது. அவ கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல நீ பின்னினாய். கடை ஊசி உன் கைக்குச் சரிவரவில்லை என்று சைக்கிள் கம்பி இரண்டை நீளமாக எடுத்து, நுனியை அரத்தால் ராவி, மறுநுனியில் ஒரு நட்டை இறுக்கி நீயே ஊசி செய்துகொண்டாய். கண்ணிகளை, பறங்கியர் நீங்கள் வீட்டில் பேசும் போர்த்துக்கேயத்தில் எண்ணுவாய். ஒன்று நழுவிவிட்டால் அதே போர்த்துக்கேயத்தில் ஏதோ சொல்வாய், அவ கட்டிலில் இருந்து "வாய், வாய்" என்று அதட்டுவா. சட்டை முடிந்த மாதமே அவ போய்விட்டா. நீ மட்டும் பின்னுவதை நிறுத்தவில்லை.

இந்த வெக்கையில் கம்பளி நூலுக்கு எங்கே போவது? சந்தையில் மூட்டையாக வரும் பழைய வெளிநாட்டு உடுப்புகளில் இருந்து சுவெற்றர்களைப் பொறுக்கி எடுத்து வருவாய். அவற்றைப் பிரித்தால் நூல் நெளிநெளியாக, சுடுதண்ணி பட்ட நூடில்ஸ் போல வரும். அதை அலசி, வளையமாகக் கட்டி, நுனியில் ஒரு சைக்கிள் பெடலைத் தொங்கவிட்டுக் காயப்போடுவாய். நெளிவு நிமிர்ந்ததும் என்னைக் கூப்பிடுவாய். "கை ரெண்டையும் நீட்டு." நான் கதிரையில் இருந்து இரண்டு கையையும் நீட்ட, அந்த நூல் வளையத்தை மாட்டிவிட்டு, எதிரில் இருந்து நீ உருண்டையாகச் சுற்றுவாய். அப்போது எழும்பவும் முடியாது, கோபித்துக்கொண்டு போகவும் முடியாது. அரசியல், ஆஸ்பத்திரி, என் மருமகனின் வாய்க்கொழுப்பு என்று எல்லாவற்றையும் நாம் பேசித் தீர்த்தது அப்படி இருந்துதான். மூக்கு அரித்தால்கூட உன்னைத்தான் கேட்க வேண்டும். நீ சொறிந்துவிடாமல் சிரித்துக்கொண்டு சுற்றுவாய்.

ஆனால் அது வீட்டுக்குள். கதவுக்குப் பின்னால் நானும் கை நீட்டினேன். பாலத்தில் வேறு.

தோட்டத்தில் எப்போதும் அவசரப்படுகிறவன் நான். அந்த வருடமும், அதாவது போன வருடத்துக்கு முந்தின வருடத்து ஐப்பசியில், முதல் இடிமழை பெய்த மறுநாளே பயிற்றங்கொட்டையும் வெண்டியும் போட்டேன். நீ வேலி ஓரமாக வந்து, கம்பியைக் குத்தி இழுத்துக் காட்டினாய். இரண்டு விரல் அளவுதான் ஈரம். அதற்குக் கீழே மாவு போலத் தூசி.

"மேலதான் நனைஞ்சிரிக்கி. உள்ள இன்னும் கச்சான்தான். ஒரு கிழமை பொறுகா."

"நீ கம்பியைப் பாத்துக்கிட்டிரு. நான் காய் புடுங்கிச் சாப்பிடுறன்" என்றேன்.

முளை அழகாகத்தான் வந்தது. ஐந்து நாள் வெயில் அடித்ததும் நூலாகத் தொங்கியது. அடுத்த மழைக்குப் பிறகு உன் பாத்தியில் முளைத்ததில் பாதியை வாழைமட்டையில் வைத்துக் கொண்டுவந்து தந்தாய். "மறுகா என்ன, சும்மாவா சொல்றாங்க, ஆத்தப் பொறுக்காதவன் ஆக்கப் பொறுக்க ஏலாதெண்டு" என்று என் மனைவிதான் என்னைக் குத்தினாள். பழமொழியைத் தலைகீழாகச் சொல்கிறாள் என்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். நீ இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கிழமையில்தான் அது நடந்தது.

பின்னேரம் இடி முழங்கிவிட்டு மழை பெய்யாமல் விட்ட ஒரு நாள். பாலத்தில் நல்ல சனம். தூண்டில் போடுகிறவர்கள், அவித்த சோளன் விற்கிறவர், படம் பிடிக்கிற பிள்ளைகள். வாவி வற்றிப்போய்ச் சேற்று வாசம். கடலுக்குத் திறக்கிற முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. நீ வழக்கமான இடத்தில், கம்பித்தூணில் முதுகைச் சாய்த்து நின்றபடி, தோளில் தொங்கிய துணிப்பையில் இருந்து நூல் ஓட, பின்னிக்கொண்டிருந்தாய். மண்நிறத்தில் ஒரு மப்ளர். ஆருக்கு என்று கேட்டதற்கு, "முடியட்டும், அதுக்குப் பொறகு கழுத்தத் தேடுவம்" என்று சொல்லியிருந்தாய்.

நான் எழுதுவினைஞராக வேலை செய்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நின்று சுகம் கேட்டார்கள். ஒருவர் உன்னைக் கண்ணால் காட்டி, குரலைக் குறைக்காமலே கேட்டார்:

"என்ன அண்ணன், உங்கட கூட்டாளிக்கு எத்தனை மாசம்?"

நம் ஊரில் பின்னல் என்றால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தலைக்குத் தொப்பியும் காலுக்கு மேசும் பின்னுவதுதானே. மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

மச்சான், இதை எழுதத்தான் இத்தனை மாதம் எனக்குக் கை வரவில்லை. நானும் சிரித்தேன். வாய்க்குள் சிரிக்கவில்லை, அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சிரித்தேன். நீ மூன்றடி தூரத்தில் நின்றாய். நிமிர்ந்து பார்த்து நீயும் ஒரு சிரிப்புச் சிரித்தாய், கடைக்கு வந்தவன் கூலி கூடவென்று சொன்னால் சிரிப்பாயே, அது.

அவர்கள் போன பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். உன்னிடம் வந்து, "நாளைக்கு இதக் கொண்டுவராத மச்சான். சனம் பாக்குது" என்றேன். ஏதோ உன் மானத்தைக் காப்பாற்றுவது போல. காப்பாற்றியது என் மானத்தை.

"ஓம், சரி" என்றாய். கம்பி இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பைக்குள் வைத்தாய். "சோளன் சாப்பிடுவமா?" என்று கேட்டாய். சாப்பிட்டோம்.

மறுநாள் பை இல்லாமல் வந்தாய். உன் கைகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. சட்டைப்பைக்குள் போட்டாய், எடுத்தாய், பாலத்துக் கம்பியைத் தட்டினாய், ஏதோ ஆணி கழன்றிருக்கிறது என்று அதைத் திருகிப் பார்த்தாய். கால்மணி நேரத்தில் வீட்டுக்குப் போவோம் என்றாய். நாலைந்து நாள் அப்படி. பிறகு முழங்கால் நோகிறது என்றாய். முழங்கால் இல்லை என்று எனக்குத் தெரியும். மரத்தில் ஏறி முருங்கைக்காய் பறித்த முழங்கால் அது. மழை பிடித்துக்கொண்டது, வாவி நிறைந்தது, முகத்துவாரத்தை வெட்டினார்கள், அந்த வருடத்து "நம்மட ஓட்டம்" முடிந்தது. நாம் கோபமாகப் பிரிந்தவர்கள் இல்லை. தை பிறந்த பிறகு மறுபடியும் நடந்தோம். வேலிக்கு மேலால் காய்கறி கை மாறியது. ஆனால் பை வரவில்லை. "கை ரெண்டையும் நீட்டு" என்று நீ பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

என் மனைவி மட்டும் ஒருநாள் கேட்டாள். "அவர் பின்னினா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? போய் ஒரு சொல்லுச் சொல்லிட்டு வாங்களன்." போனேன். நாலு முறை போனேன். ஒருமுறை கருவாட்டுக் குழம்பு கொண்டு போனேன், ஒருமுறை பப்பாசிப்பழம், ஒருமுறை மரவள்ளிக் கிழங்கு, ஒருமுறை உன் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய். "நான் செய்தது பிழை, பையை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தேன். நீயும் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாய்.

அடுத்த ஆவணியில் மகள் உன்னைக் கூப்பிட்டாள். ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சாவியைத் தந்தாய். "பூச்சாடிக்கு மட்டும் தண்ணி ஊத்து. மரம் தன்னப் பாத்துக்கும்." பின்னல் பை ஹோலில் ஆணியில் தொங்கியது. அதைக் கொண்டுபோகவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். நீயே முந்திக்கொண்டாய். "கம்பியோட போனா எயார்போட்டில குத்திக் கொல்ல வந்தவன் எண்டு புடிச்சிடுவானுகள். எலி கடிக்காமப் பாத்துக்க." இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் ஒரு அரை நிமிடம் இருந்தது. எயார்போட்டுக்குப் போகிற வான் வந்துவிட்டது.

ஐப்பசியில் நீ போனில் வந்தாய், முகம் தெரிகிற அழைப்பு. பூங்கா வாங்கு ஒன்றில் சாய்ந்திருந்தாய். தொப்பி, கோட்டு எல்லாம் போட்டு, உன்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுற்றிவர நிலமெல்லாம் சிவப்பு. மடியில் பின்னல், கையில் மூங்கில் ஊசி. பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் பக்கம் போனைத் திருப்பினாய். அவவும் பின்னிக்கொண்டிருந்தா, எனக்குக் கை காட்டினா.

"பாத்தியா மச்சான், உண்மையான ஓட்டம்! நம்மட வாதுமை இதுக்கு முன்னால பிச்சை வாங்கோணும்." பிறகு உன் முகம் பெரிதாகக் கிட்டே வந்தது. "நான் இஞ்ச ரோட்டில, பஸ்ஸில, எல்லா இடத்திலயும் இருந்து பின்னுறன். இஞ்ச ஒருத்தரும் சிரிக்கல்ல மச்சான். என்ன பின்னுறீங்க எண்டு கேக்கிறாங்க."

குத்திச் சொன்ன சொல் இல்லை அது. எனக்கு உன்னைத் தெரியாதா? புது சைக்கிள் கிடைத்த பிள்ளையின் சந்தோசம்தான் உன் முகத்தில் இருந்தது. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு ஆழமாக இறங்கியது. இதோ சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தேன். வந்த சொல் என்ன தெரியுமா?

"அங்க குளிர் எப்பிடி?"

குளிரைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னாய். நீ வந்த பிறகு நேரில் சொல்வோம், போனில் சொல்கிற விசயமா இது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். தை மாதம், நித்திரையிலேயே போய்விட்டாய் என்று மகள் அழுதுகொண்டு சொன்னாள். உன் அடக்கத்தைப் போனில் பார்த்தேன். சுற்றிவர வெள்ளை. அந்த மண்ணில் உன் கம்பி ஒரு விரலாவது இறங்குமா என்றுதான், என்ன மடத்தனமோ, எனக்கு யோசனை ஓடியது.

ஒன்பது மாதம் அந்தப் பையை நான் தொடவில்லை. எலி வருகிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். போன கிழமை வாதுமை சிவந்து கொட்டத் தொடங்கியபோது ஆணியில் இருந்து இறக்கினேன். மண்நிற மப்ளர், ஒரு முழம் இருக்கும். விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கண்ணிகள் இரண்டு கம்பியிலும் பாதி பாதியாக நின்றன. ஒரு வரிசையின் நடு.

நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "வீடு பத்தினாலும் வரிசைய முடிச்சிட்டுத்தான் எழும்போணும். நடுவில வெச்சா இழுவை மாறிப்போகும், அந்த இடம் காலத்துக்கும் தெரியும்." சோறு ஆறினாலும், மழை தூறினாலும் வரிசையை முடிக்காமல் நீ எழும்பியதே இல்லை. அன்று பாலத்தில் நான் "சனம் பாக்குது" என்று சொன்ன நேரம் நீ வரிசையின் நடுவில் நின்றிருக்கிறாய். மிச்சத்தை முடிக்கும் வரைக்கும்கூட என் சொல் உன்னைப் பொறுக்கவிடவில்லை. அதற்குப் பிறகு பத்து மாதம் இந்த வீட்டில் இருந்தும் நீ அதைத் தொடவே இல்லை.

மனைவியிடம் கொண்டுபோனேன். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது அவள் மேசு பின்னியவள். "நுழைக்கோணும், சுத்தோணும், இழுக்கோணும், விடோணும். அவ்வளவுதான்" என்று வேறு நூலில் காட்டித் தந்தாள். மூன்று நாள் பிடித்தது. என் பேனை பிடித்த விரல்கள் மரக்கட்டைகள். நான்காம் நாள் பையைத் தோளில் மாட்டினேன்.

"வீட்டுக்குள்ள இருந்து முடிங்களன்" என்றாள்.

"வீட்டுக்குள்ள நான் எப்பவும் நல்லவன்தான்" என்றேன். அவள் குடையை எடுத்துத் தந்தாள்.

உன் இடத்தில், அந்தக் கம்பித்தூணில் முதுகைச் சாய்த்து நின்றேன். பாலத்தில் அதே சனம்தான். பையைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். காது சுட்டது. நுழைத்து, சுற்றி, இழுத்து, விட்டேன். தூண்டில்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு பிள்ளைகள் தோளில் தோள் இடித்துக்கொண்டு போனார்கள். பத்தாவது கண்ணியில் நிற்கும்போது பழக்கமான குரல் கேட்டது. அதே ஆசிரியர். இந்த முறை தனியாக.

"என்ன அண்ணன், இப்ப நீங்களுமா?"

"ஓம்" என்றேன். "இது என்ட கூட்டாளியின்ட. அண்டைக்கு நாம சிரிச்சமே, அதால பாதியில நிண்டு போச்சு."

அவர் முகம் மாறியது. நீ எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே திரும்பிப் போனார். அவரிடம் சொல்ல அரை நிமிடம்கூட எடுக்கவில்லை மச்சான்.

வரிசை முடிந்தது. அடுத்ததை நான் தொடங்கவில்லை. அது எனக்குச் சொந்தமான வேலை இல்லை. உன் பாதி இறுக்கமாக, ஒரே அளவாக இருக்கிறது. என் பாதி தொளதொளவென்று, அங்கங்கே ஓட்டையாக. அந்த மப்ளரை இப்போது வாடைக்குக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன், கண்ணிகள் நிற்கிற கம்பி ஒரு பக்கம் தொங்கத் தொங்க. ஒரு முழம் எங்கே கழுத்தைச் சுற்றும் என்று மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இன்று பயிற்றை விதைகளைப் போட்டு மூடிவிட்டு வரும்போதும் அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டுதான் வந்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிகிறது, நான் பேசிய இடம்.